போகாத ராத்திரிக்கும் சந்தா உண்டு

போன இதழில் ஒரு வாசகர் “டைம்ஷேர் வாங்கலாமா?” என்று இரண்டே வார்த்தையில் கேட்டிருந்தார். “வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்” என்று நானும் ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். இடம் இல்லை என்பது ஒரு காரணம். சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிவருமே என்ற கூச்சம் இன்னொரு காரணம். வாசகர்கள் விடுவதாக இல்லை. என்ன நோட்டு, அதில் எதை எழுதுவது, நீங்கள் வாங்கினீர்களா இல்லையா என்று கடிதமாக வந்து குவிந்துவிட்டது. ஆகவே இந்த இதழ் பகுதி முழுக்க டைம்ஷேர்தான். புதியவர்களுக்காக ஒரு வரி: விடுமுறை விடுதியில் வருடத்துக்கு இத்தனை ராத்திரி தங்கும் உரிமையைப் பல வருடத்துக்குச் சேர்த்து இன்றைக்கே விலை கொடுத்து வாங்குவதும், அதற்கு மேல் வருடா வருடம் சந்தா கட்டுவதும்தான் டைம்ஷேர். வாங்கினேன். கதையும் வருகிறது.

“நானும் கணவரும் ஒரு டைம்ஷேர் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம். ‘ஓட்டலுக்குக் கொடுக்கிற பணம் போனது போனதுதான், இது உங்கள் பெயரில் நிற்கும்’ என்றார்கள். ஒரு தாளில் கணக்கும் போட்டுக் காட்டினார்கள். தப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ‘உனக்கு எதிலும் சந்தேகம்தான்’ என்கிறார் கணவர். தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.”
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகி

தாளைப் பார்த்தேன் அம்மா. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு முதல் வரியிலேயே இருக்கிறது. ‘ஓட்டல் அறை, ஒரு நாள் வாடகை’ என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

நான் 19 வருடம் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு விலைப்பட்டியல் தொங்கும். ‘ரேக் ரேட்’ என்போம். அந்த விலையைக் கொடுத்து அறை எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடுராத்திரியில் மழையில் நனைந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் வந்து நிற்பவர் அதைக் கொடுப்பார். மற்றவர்களுக்கெல்லாம் வேறு வேறு விலைதான். கம்பெனி மூலம் வந்தால் ஒன்று, சீசன் இல்லாவிட்டால் ஒன்று, மூன்று நாள் சேர்ந்தாற்போல் தங்கினால் ஒன்று, முன்பணம் மொத்தமாகக் கட்டிவிட்டால் இன்னொன்று. உங்கள் தாளில் இருப்பது அந்தச் சட்டத்துக்குள் தொங்கும் விலை.

அதோடு விட்டார்களா? அந்த விலையை வருடத்துக்கு 10 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் 25-ஆம் வருடம் வாடகை இன்றையதைப் போல் கிட்டத்தட்ட 10 மடங்கு வந்து நிற்கும். பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். இப்போது அதே தாளில் ‘ஆண்டுச் சந்தா’ வரிசையைப் பாருங்கள். முதல் வருடம் என்ன தொகையோ, 25-ஆம் வருடமும் அதே தொகை. ஓட்டல் மின்சாரத்துக்கு விலை ஏறுமாம், ரெஸார்ட் மின்சாரத்துக்கு ஏறாதாம். துணி துவைப்பவருக்கு ஓட்டலில் சம்பளம் கூடுமாம், ரெஸார்ட்டில் கூடாதாம். உங்கள் மனசு ஒப்பாமல் போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாதது மனசுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

இனி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். பணத்தில் கணக்குப் போடாதீர்கள், ராத்திரியில் போடுங்கள். நீங்கள் வெளியூர் போனால் வழக்கமாக எந்த மாதிரி அறை எடுப்பீர்களோ, அதற்கு உண்மையில் என்ன கொடுப்பீர்களோ, அதுதான் ஒரு ‘ராத்திரி’. டைம்ஷேர்காரர் சொல்லும் ஒவ்வொரு தொகையையும் அதால் வகுங்கள். விலைவாசி ஏறினாலும் இறங்கினாலும் ராத்திரி ராத்திரியாகவே இருக்கும். இருபத்தைந்து வருடக் கணக்கில் பயமுறுத்தும் பெரிய எண்கள் எல்லாம் ஓடிப்போய்விடும்.

உங்கள் தாளை நான் அப்படி மாற்றிப் பார்த்தேன். உறுப்பினர் தொகை ஏறத்தாழ 120 ராத்திரி. ஆண்டுச் சந்தா 2 ராத்திரி. கிடைப்பது வருடத்துக்கு 7 வீதம் 25 வருடத்தில் 175 ராத்திரி. “120 கொடுத்து 175 வாங்குகிறீர்கள்” என்பதுதான் அவர்கள் பேச்சு. சந்தாவைச் சேர்ப்போம். அது ஓட்டல் வாடகையின் வேகத்திலேயே ஏறுகிறது, அதற்கு மேல் ஏறவில்லை என்று நல்ல மனசோடு வைத்துக்கொண்டால், 25 வருடத்துக்கு 50 ராத்திரி. மொத்தம் 170. 175-க்கு 170. ஐந்து ராத்திரி லாபம், அதுவும் ஒரு ராத்திரிகூட வீணாக்காமல் இருபத்தைந்து வருடமும் போய்த் தங்கினால்.

சந்தா ஓட்டல் வாடகையைவிட வருடத்துக்கு 3 சதவீதம் அதிக வேகத்தில் ஏறினால்? 50 ராத்திரி 73 ஆகிவிடும். மொத்தம் 193. 175-ஐத் தாண்டியாயிற்று.

இதில் இன்னும் சேராத ஒன்று இருக்கிறது. அந்த 120 ராத்திரிப் பணம் இன்றைக்கே உங்கள் கையை விட்டுப் போகிறது. அதை எங்கேயாவது பத்திரமாக வட்டிக்குப் போட்டு, அந்த வட்டி ஓட்டல் விலை ஏற்றத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக வந்தால், முதலும் வட்டியுமாக எடுத்தெடுத்து 25 வருடமும் வருடத்துக்கு 6 ராத்திரி தங்கலாம். சந்தாவாகக் கட்டியிருக்க வேண்டிய 2 ராத்திரியும் கையிலேயே இருக்கும். ஆக 8 ராத்திரி. டைம்ஷேர் தருவது 7. வட்டி ஓட்டல் விலையோடு சரிக்குச் சரியாக மட்டும் ஓடினால்கூட ஏழுக்குக் கொஞ்சம்தான் குறையும். எந்த ஊர், எந்தத் தேதி என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். போகாத வருடம் பணம் பாட்டுக்குப் பாங்கில் தூங்கும்.

தவணையில் வாங்கச் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 1 சதவீத வட்டி, 60 மாதத் தவணை என்றால் 120 கடனுக்குத் திருப்பிக் கட்டுவது 160. அந்த ஐந்து வருடத்தில் ஓட்டல் விலையும் ஏறும் என்பதால் ராத்திரிக் கணக்கில் இது சற்றுக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஐந்து ராத்திரி லாபம் காணாமல் போய்விடும். கடன் வாங்கி டைம்ஷேர் வாங்குவது மட்டும் எந்தக் கணக்கிலும் எனக்குத் தேறியதில்லை.

கணவரிடம் தாளைக் காட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு பேனாவைக் கொடுத்து, “போன பத்து வருடத்தில் நாம் எத்தனை ராத்திரி வெளியில் தங்கினோம், எழுதுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் படுத்ததைச் சேர்க்கக் கூடாது.

“நோட்டு நோட்டு என்கிறீர்களே, உங்கள் நோட்டில் என்னதான் இருந்தது? மறைக்காமல் சொல்லவும்.”
— ஆசிரியர் வேலையில் இருக்கும் ஒரு வாசகர்

பள்ளிக்கூடப் பையன் நோட்டு, நாற்பது பக்கம், அட்டையில் மகனுடைய பெயர் அடித்திருக்கும். சேர்ந்த முதல் வருடத்திலிருந்து எழுதி வந்தேன். கணக்குப் பார்க்க எழுதவில்லை. எங்கெங்கே போனோம் என்று ஞாபகத்துக்காக எழுத ஆரம்பித்தது.

11 வருடம். வருடத்துக்கு 7 வீதம் 77 ராத்திரி எங்களுக்குச் சேர வேண்டியது. தங்கினது இப்படி: 7, 7, 5, 0, 7, 3, 0, 4, 0, 5, 0. கூட்டினால் 38.

முதல் இரண்டு வருடம் புது மாப்பிள்ளை உற்சாகம். மூன்றாம் வருடம் மகனுக்குக் காய்ச்சல், ஐந்தாம் நாளே மூட்டை கட்டினோம். நான்காம் வருடம் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐந்தாம் வருடம் பிடிவாதமாக ஏழு நாளும் இருந்தோம். அதில் கடைசி இரண்டு நாள் மழை, அறையை விட்டு வெளியே வரவே இல்லை, இருந்தாலும் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். காசு கொடுத்தாயிற்றே! ஓட்டலாக இருந்திருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்திருப்போம். ஆறாம் வருடத்துக்கு மேல் பள்ளி விடுமுறைதான் பிரச்சினை. எங்களுக்கு லீவு கிடைக்கும் வாரத்தில்தான் ஊருக்கே லீவு. அறை கேட்டுப் போன் செய்தால், “அந்த வாரம் நிரம்பிவிட்டது மேடம், அதற்கடுத்த வாரம் தரட்டுமா?” என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். அதற்கடுத்த வாரம் பரீட்சை.

இந்த ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் சந்தா கட்டினோம். ஆரம்பத்தில் 2 ராத்திரி, கடைசியில் 3. பதினோரு வருடத்துக்கும் சேர்த்து 27. உறுப்பினர் தொகை 110 ராத்திரி. இருபத்தைந்தில் பதினோரு வருடப் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் 48. ஆக 75 ராத்திரிப் பணம் கொடுத்து 38 ராத்திரி தூங்கியிருக்கிறோம். ஒன்றுக்கு இரண்டு விலை. இதை ஓட்டல் மேசையில் 19 வருடம் உட்கார்ந்தவள் செய்தாள் என்பதுதான் எனக்குக் கூச்சம். ரேக் ரேட்டைக் கொடுத்தவர்களைப் பார்த்து அத்தனை வருடம் உள்ளுக்குள் பரிதாபப்பட்டவள் நான்.

இதற்காக நிறுவனத்தை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது. ‘அறை இருப்பைப் பொறுத்து’ என்ற இரண்டு மூன்று சொல் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நாங்கள் முதல் பக்கத்தில் இருந்த கடல் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

“ஒன்பது வருடமாக நாங்கள் டைம்ஷேர் உறுப்பினர்கள். ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. வீட்டில் ஏழு பேர். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு உறவினர்கள் எங்களை ஏமாளிகள் என்கிறார்கள். இது நியாயமா?”
— கோபத்தோடு ஒரு வாசகி

நியாயம் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும் வேறு.

எங்கள் டைம்ஷேர் கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். பதினோராம் வருடம் அதை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டோம். விற்கவில்லை, சும்மா கொடுத்தோம். பெயர் மாற்றக் கட்டணத்தையும் நாங்களே கட்டினோம். தானம் கொடுத்துத் தட்சிணையும் கொடுத்த கதை. ஆனால் நாத்தனார் வீட்டில் ஆறு பேர். எங்களுக்குக் கொடுத்திருந்தது இரண்டு படுக்கையறை, கூடம், சின்னச் சமையலறையோடு கூடிய வீடு மாதிரியான இடம். (மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டபோது, “விருந்தாளிகளைக் கூட்டிவரலாமே சார்” என்றார் விற்பனைப் பிரதிநிதி. வந்த ஒரே விருந்தாளி ஒரு பூனை.) அவர்கள் ஓட்டலுக்குப் போனால் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். அப்படியானால் அந்த ஏழு ராத்திரி அவர்கள் கணக்கில் 14. கட்டுவது 3 ராத்திரிச் சந்தா. நாங்கள் கொடுத்த 110-ஐயும் அவர்களே கொடுத்திருந்தால்கூட, வருடப் பங்கு 4.4, சந்தா 3, ஆக 7.4. பதினாலுக்கு ஏழரைகூட இல்லை. ஓட்டல் தோற்றது!

இன்னொன்றும் உண்டு. நாத்தனார் கணவருக்கு லீவு ஒரு வருடம் முன்பே தெரிந்துவிடும். பதிவு திறக்கும் அன்று காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வருடா வருடம் அதே இடம், அதே வாரம், அலுப்பே இல்லை. காலையில் சமையலறையில் நாத்தனார் ஏதாவது செய்துவிடுவார். ஆறு பேர் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடாததில் மிச்சமாவதே பாதி வாடகைக்குப் பக்கத்தில் வரும் என்கிறார். விடுமுறையிலும் சமைக்கிறாரே என்று எனக்குத்தான் ஆற்றாமை, அவருக்கு இல்லை.

உங்கள் உறவினர்களிடம் நோட்டைக் காட்டுங்கள். ஒன்பது வருடத்தில் 63 ராத்திரி, ஏழு பேர் என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

“டைம்ஷேர் சொத்தா, இல்லையா? ஒரே வரியில் பதில் தேவை.”
— எஸ். ஆர்.

ஒரே வரியில் என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு வரியோடு என்னால் நிறுத்த முடியாது, மன்னிக்கவும்.

இது பிறந்தது 1960-களில், ஐரோப்பாவில். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி, அறையை வாடகைக்கு எடுப்பதற்குப் பதில் ஓட்டலையே வாங்கிவிடுங்கள், மலிவாக முடியும் என்ற தோரணையில் வாரங்களைக் கூறுபோட்டு விற்றது. ஒரே ஊருக்கு எத்தனை வருடம் போவது என்ற அலுப்பு வரத்தானே செய்யும்? அதற்கு மருந்தாக 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கியது. உங்கள் வாரத்தை அங்கே போட்டுவிட்டு வேறொருவர் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். அதற்கு ஒரு ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டணம். போதாததற்கு வாரங்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் எல்லோரும் வர ஆசைப்படும் சீசன், நீலம் என்றால் ஆள் வராத காலம். நீல வாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு வாரம் கிடைக்கும் என்று நம்பி வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள். இப்போது பல இடங்களில் வாரம் போய்ப் பாயின்ட் வந்துவிட்டது; வருடத்துக்கு இத்தனை பாயின்ட் என்று தருவார்கள், அதைக் கொடுத்து அறை எடுக்க வேண்டும். பாயின்ட் என்றால், அதே அறைக்கு எத்தனை பாயின்ட் என்பதை யார் தீர்மானிப்பார்கள், பிற்பாடு மாற்றலாமா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். நிறுவனம் இஷ்டப்படி மாற்றலாம் என்றிருந்தால், உங்கள் ஏழு ராத்திரி ஆறாகவும் ஐந்தாகவும் சுருங்க வழி இருக்கிறது.

சொத்துக் கேள்விக்கு வருகிறேன். டைம்ஷேரில் இரண்டு வகை. ஒன்று, கட்டடத்தில் ஒரு துண்டுப் பங்கு உங்கள் பெயரில் பத்திரப் பதிவு ஆவது. மற்றது, இத்தனை வருடத்துக்குத் தங்கும் உரிமை மட்டும். இரண்டாவதில் கெடு முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதல் வகைக்குப் ‘பத்திரம்’ என்ற பெயர் இருக்கிறதே தவிர, விற்கப் போனால் தெரியும் சங்கதி. புதிதாக விற்கும் விலையில் விளம்பரம், இலவசச் சாப்பாடு, பிரதிநிதியின் கமிஷன் எல்லாம் அடக்கம். நீங்கள் திருப்பி விற்கும்போது அவற்றுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். சந்தாச் சுமையிலிருந்து தப்பினால் போதும் என்று ஒன்றும் வாங்காமல் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு, எங்களைப் போல.

இதையே திருப்பிப் பாருங்கள். டைம்ஷேர் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து வாங்குவதைப் பற்றி முதலில் விசாரியுங்கள். 120 ராத்திரி என்பது 20 ஆகக் குறைந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழ். கைமாறினால் எந்தச் சலுகை பறிபோகும், பழைய சந்தா பாக்கி ஏதும் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகிறது. தூக்கம் வரவில்லை. ரத்து செய்ய முடியுமா?”
— அவசரக் கடிதம்

இதழ் அச்சாகி வருவதற்குள் கெடு ஓடிவிடும் என்பதால் இவருக்குத் தனியாகவே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். மனம் மாறுவதற்கென்றே பல நாட்டுச் சட்டங்கள் சில நாள் அவகாசம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 14 நாள். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: புளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. சட்டம் இல்லாத இடத்திலும் ஒப்பந்தத்திலேயே ஒரு அவகாசம் எழுதியிருக்கலாம். ‘ரத்து’ என்ற சொல்லைத் தேடி எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

போனில் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் எப்படி அனுப்பச் சொல்லியிருக்கிறதோ அப்படியே, தேதி போட்டு, அனுப்பியதற்கு அத்தாட்சியோடு எழுத்தில் அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. காரணம் எழுதினால் அதற்குச் சமாதானம் சொல்ல ஒருவர் போன் செய்வார். அவர் மிக நன்றாகப் பேசுவார்.

“எங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் தயாராக இருக்கிறதாம். கொடுத்ததைப் போல் ஒன்றரை மடங்கு விலை. வரிக்கும் பத்திரச் செலவுக்கும் முன்கூட்டிப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?”
— ஓய்வு பெற்ற ஒருவர்

ஐயா, கட்டாதீர்கள். ஒரு காசு கூட.

வாங்குகிறவர் பணம் கொடுப்பதுதான் வியாபாரம். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் அது வேறு தொழில். உறுப்பினர் பட்டியல் எப்படியோ கைமாறி, விற்க முடியாமல் தவிப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுகிறார்கள். இது சில்லறைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். 2023-இல் அமெரிக்க நிதித்துறை, மெக்சிகோவின் ஒரு பெரிய போதைக் கடத்தல் கும்பலோடு சேர்ந்து டைம்ஷேர் மோசடி செய்ததாகச் சில நிறுவனங்கள் மீது தடை விதித்தது. போதைப் பொருள் கடத்துகிறவர்களே இதில் வரும்படி பார்க்கிறார்கள் என்றால் எவ்வளவு புரளும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தொகையைக் கட்டியதும் இரண்டாவது வரும், ‘கடைசி ஒரே ஒரு கையெழுத்துக்கு’ மூன்றாவது வரும். விற்க வேண்டுமென்றால் முதலில் உங்கள் நிறுவனத்துக்கே எழுதி, திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. பணம் தர மாட்டார்கள், ஆனால் சந்தா நிற்கும்.

“அப்பா வாங்கிய டைம்ஷேர், அவர் காலத்துக்குப் பின் எங்கள் தலையில் விழுமா?”
— மூன்று பிள்ளைகளின் சார்பில் ஒருவர்

ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 25 வருடம், 33 வருடம் என்று கெடு இருந்தால் கவலை குறைவு. ‘என்றென்றைக்கும்’ என்றிருந்தால்தான் தொல்லை, சந்தாவும் என்றென்றைக்கும். ஸ்பெயினில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 50 வருட உச்சவரம்பு வைத்தது. அதன் கீழ் வந்த, முடிவே இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. உங்கள் நிலைமைக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பதே சரி. அப்பாவின் மற்றச் சொத்துகளை வாங்கிக்கொண்டு இதை மட்டும் மறுக்க முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். அப்பா இருக்கும்போதே கேட்டால் அவரே எழுதிக் கொடுத்து முடித்துவிடலாம். அவர் மனம் நோகாமல் பேச்சை எடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

“பரிசு கொடுக்கிறார்களாம். வாங்கப் போவதில்லை. பரிசுக்காக மட்டும் கூட்டத்துக்குப் போய் வரலாமா?”
— இரண்டு தோழிகள்

நாங்களும் வாங்கப் போவதில்லை என்றுதான் போனோம்.

தொண்ணூறு நிமிடம் என்றார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. முதலில் ஒரு பையன் குடும்பக் கதை கேட்டான், என் மகனுக்கு என்ன வண்டி பிடிக்கும் என்பது வரை. பிறகு அவனுடைய மேலாளர் வந்தார், விலை குறைந்தது. அவருடைய மேலாளர் வந்தார், இன்னும் குறைந்தது, ஆனால் ‘இன்றைக்கு மட்டும்’. நடுவில் பக்கத்து மேசையில் யாரோ சேர்ந்துவிட்டதாக எல்லோரும் கை தட்டினார்கள். மகன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம் என்று நான் எழுந்தபோது கணவர் பேனாவைக் கையில் வைத்திருந்தார்.

போவதானால் வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு பேருமே. ‘இன்றைக்கு மட்டும்’ விலையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், நாளைக்கு வந்து யோசித்துச் சொல்கிறோம் என்று. எங்கள் கூட்டத்தில் அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பரிசு என்னவென்றால், எங்களுக்குக் கிடைத்தது ஒரு சுவர்க் கடிகாரம். ஓடுகிறது. தினம் நாலு நிமிடம் பிந்தும்.